இரண்டு மூட்டைச் சோளம்

மலாவி நாட்டின் டெட்சா சந்தையில் வியாபாரி கபுடுலாவின் தராசு, எலூபியின் சோள மூட்டைக்கு நாற்பத்தாறு கிலோ காட்டியது. இரண்டாவது மூட்டைக்கும் அதே நாற்பத்தாறு. கபுடுலா சாக்பீஸால் மூட்டைகளின் மேல் எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டார்.

"ரெண்டையும் சேர்த்து வைங்கண்ணே" என்றாள் எலூபி.

"எதுக்கும்மா? தொண்ணூத்திரெண்டு. இந்தக் கூட்டல்கூடத் தெரியாதா?" என்று சிரித்தார் கபுடுலா.

அவர் தடுப்பதற்குள், பின்னால் மூட்டைகளோடு காத்திருந்தவர்கள் முதல் மூட்டையையும் தூக்கி மேலே வைத்துவிட்டார்கள். முள் தொண்ணூற்றாறில் போய் நின்றது.

கபுடுலாவின் சிரிப்பு காணாமல் போனது.

எலூபி அவர் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கினாள்.

"மூட்டை எக்ஸ், தராசோட திருட்டு ஒய். ஒண்ணு வெச்சாலும் ரெண்டு வெச்சாலும் அது திருடுறது ஒரு தடவைதான். அதனால எக்ஸ் கூட்டல் ஒய் நாப்பத்தாறு. ரெண்டு எக்ஸ் கூட்டல் ஒய் தொண்ணூத்தாறு. இதுல அதைக் கழிச்சா ஒய் அடிபட்டுப் போகும். மூட்டை அம்பது கிலோ!"

"யாரும்மா நீ?"

"நீங்க வாத்தியாரா இருந்தப்ப உங்க கிளாஸ் கடைசி பெஞ்சு எலூபி, சார். இதே நீக்கல் முறைக் கணக்குல மைனஸை விட்டுட்டேன்னு முட்டை போட்டீங்களே! இன்னைக்கு விடல, பாருங்க."

தராசின் நெற்றியில் பெரிதாக எழுதினாள்: ஒய் = −4.

அடியில் இரட்டைக் கோடு போட்டாள்.