பொங்காது என்பதற்கு நிரூபணம்

ஒரு வீட்டில் கரண்ட் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கணினியிடம் விட்டிருந்தார்கள். அடுப்பில் இருந்த பால் பாத்திரம் அன்று கணினியைப் பதறிக் கூப்பிட்டது. போன வாரம்தான் இரண்டு தடவை அடிபிடித்திருந்தது. இன்னொரு தடவை கருகினால் பழைய இரும்புக் கடைதான் என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரி வெளியே போயிருந்தாள்.

"அண்ணே, பால் ஏறுது. அடுப்பை அணைங்க!"

"அணைக்கலாம். அணைத்தால் வேறு எதுவும் மாறாது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். சுவரின் நிறம் மாறாது, சரி. இரண்டு ஜன்னல் மூன்றாகாது, சரி."

"இதெல்லாம் யாருக்குத் தெரியாது? பால் கழுத்துக்கு வந்துடுச்சு!"

"எல்லாருக்கும் தெரியும் என்பதை விதியாக எழுதிக் கொடு, ஏற்றுக்கொள்கிறேன்."

அடுப்பு மேடைக்குக் கீழே காத்திருந்த பூனை தலையை நீட்டியது. "அவரை அவசரப்படுத்தாதப்பா. எவ்வளவு பொறுப்பாப் பாக்குறாரு! அண்ணே, பூனைக்கு அஞ்சாவது கால் முளைக்காதுங்கிறதையும் சேர்த்துக்குங்க."

"நல்ல யோசனை" என்று கணினி அதையும் சேர்த்துக்கொண்டது.

பால் பொங்கி மேடையெல்லாம் ஓடிக் கீழே வழிந்தது. மிச்சம் பாத்திரத்துக்குள்ளேயே தீய்ந்தது.

வெகுநேரம் கழித்துக் கணினி பெருமையோடு அறிவித்தது: "பாத்திரத்தில் பால் இல்லை. பால் இல்லாத பாத்திரம் பொங்காது. ஆகவே அடுப்பை அணைக்கத் தேவையே இல்லை."

"இதுல ஒரு குறை சொல்ல முடியுமா!" என்றது பூனை, மீசையை நக்கிக்கொண்டே.

வாசலில் வீட்டுக்காரி செருப்பைக் கழற்றும் சத்தம் பாத்திரத்துக்குக் கேட்டுவிட்டது.