தகட்டுக்குப் போர்த்திய துண்டு

மலையோரத்தில் கரண்டு கம்பி எட்டாத ஒரு வீடு. தொழுவத்துக் கூரைமேல் சோலார் தகடு, உள்ளே பேட்டரி, விட்டத்தில் ஒரு பல்பு. கடவுள் புண்ணியத்தில் மூன்றும் ஒற்றுமையாகத்தான் இருந்தன.

ஆயுத பூஜையன்று வீட்டுக்காரி வெள்ளத்தாயி அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைத்தாள். பிறகு ஏணியில் ஏறி, தகட்டுக்கும் சந்தனம் வைத்து, சரிகைக் கரை போட்ட புதுத் துண்டைப் போர்த்திக் கும்பிட்டுவிட்டு இறங்கினாள். தகட்டுக்குப் பெருமை தாங்கவில்லை.

உச்சிப் பொழுதில் பேட்டரி கூப்பிட்டது. "அண்ணே, இன்னைக்கு ஒரு துளி வெயில்கூட வந்து சேரலையே!"

"எனக்கு மரியாதை நடக்குதுடா. ஒரு நாள் பொறுக்க மாட்டியா?"

"நேத்தும் மழை மூட்டம். என்கிட்ட ஒண்ணுமில்ல."

பல்பு மெல்லச் சொன்னது: "அண்ணே, செவலைப் பசுவுக்கு வலி கண்டிருச்சு. தலையீத்து வேற. பொழுது சாஞ்சுதான் கன்னு போடும்போல. இருட்டுல அந்தம்மா என்ன செய்யும்?"

தகடு சரிகையை ஒரு தரம் பார்த்துக்கொண்டது. அப்புறம், "காத்தே, இங்க கொஞ்சம் வந்துட்டுப் போ" என்று கூப்பிட்டது.

துண்டு பறந்து தொழுவ வாசலில் விழுந்தது. மிச்சமிருந்த வெயிலையெல்லாம் தகடு வாரி வாரிக் கீழே அனுப்பியது.

விளக்கு வைக்கும் நேரத்தில் பல்பு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் கன்று நல்லபடியாகப் பிறந்தது. கையில் அகப்பட்ட சரிகைத் துண்டால் வெள்ளத்தாயி அதைத் துடைத்தாள்.

"அண்ணே, உங்க பொன்னாடை போச்சு!" என்று சிரித்தது பல்பு.

"போனாப் போகுது. கன்னு காதுக்குப் பின்னாடி ஈரம் நிக்கும், நல்லா வெளிச்சம் காட்டு" என்றது தகடு.