முதல் குடம்

கவுன்சிலர் கார்த்திகேசன் லட்டை வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்துத்தான் ஸ்டெல்லாமேரி அந்தச் சத்தத்தைக் கொடுத்தாள்.

"தண்ணி வந்துட்டு."

அவ்வளவுதான், கோடை விழாப் பந்தல் காலி. கோவில்பட்டியில் வேறு எதற்கும் எழுந்திருக்காதவர்கள்கூட இந்த ஒரு சொல்லுக்கு எழுந்து ஓடுவார்கள். மியூசிக்கல் சேரில் கடைசி நாற்காலிக்கு அடித்துக்கொண்ட இரண்டு பேரும் நாற்காலியை அம்போவென்று விட்டுவிட்டுப் பறந்தார்கள். கவுன்சிலரே லட்டைத் தட்டில் போட்டுவிட்டு வீட்டுக்கு போன் போட்டு, குடத்தை எடுத்து வைக்கச் சொன்னார். வார்டில் தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை என்று அவர் மைக்கில் பேசி முடித்த சூடு இன்னும் ஆறவில்லை.

ஓடியவர்களையும் குறை சொல்ல முடியாது. நகராட்சித் தண்ணீர் என்றைக்கு வரும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தெருவிலேயே பள்ளமான வீடு ஸ்டெல்லாமேரியுடையது. அங்கேதான் முதலில் சொட்டும். அவள் வாசலில் நின்று சத்தம் கொடுப்பாள், தெரு குடத்தைத் தூக்கும். இத்தனை வருஷத்தில் அவள் சொல் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

அன்றைக்குப் பொய்த்தது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வெறுங்குடத்தோடு திரும்பி வந்தவர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள்.

உமாதேவிக்கோ வயிறு எரிந்தது. ஓடிய கூட்டத்தில் மேசை சாய்ந்து அவளுடைய லட்டு அத்தனையும் கரிசல் மண்ணில் உருண்டு கிடந்தது. மேசையை இடித்தது ஸ்டெல்லாமேரியின் இடுப்புதான். உமாதேவி இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

அவள் நகர் நலச் சங்கத்தின் செயலாளர். விழாவுக்கு ஓடியாடி உழைத்ததும் அவள்தான், போட்டிகளில் ஜெயிக்க நினைத்ததும் அவள்தான். கோலப்பொடி ஒரு பாட்டில், பொடித்த சீனி ஒரு பாட்டில் என்று முதல் நாளே பையில் எடுத்து வைத்திருந்தாள். காலையில் வாசலில் போட்ட கோலத்துக்கு முதல் பரிசும் வாங்கிவிட்டாள். சாயங்காலம் அடுப்பில்லாச் சமையல். அவல் லட்டு பிடித்து, மேலே வெள்ளை வெளேரென்று சீனியில் புரட்டி அடுக்கியிருந்தாள். சர்க்கரை வியாதிக்காரி என்பதால் ருசிதான் பார்க்கவில்லை.

பரிசு ஓர் எவர்சில்வர் குடம். அது யாருக்குப் போயிற்று என்றால், முளைகட்டிய பயறு வைத்திருந்த ஸ்டெல்லாமேரிக்கு.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? போதாக்குறைக்கு எதிர்வீட்டுச் செல்வமாரி வேறு வந்து காதைக் கடித்தாள். ஸ்டெல்லாமேரி கொஞ்சம் முன்னாடி உமாதேவியின் கோலத்துக்கு முன்னால் குனிந்து நின்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அங்கிருந்துதான் பந்தலுக்கு விழுந்தடித்து ஓடி வந்தாளாம்.

கண் வைக்காமல் வேறு எதற்குக் குனிவாள்?

உமாதேவி மைக்கைப் பிடித்தாள்.

"தண்ணி விஷயத்துல வெளையாடுறது சாதாரணத் தப்பு இல்ல. இனிமே இவிய சத்தங் குடுத்தா யாரும் குடத்தத் தூக்காதீங்க. இது சங்கத்துத் தீர்மானம்."

எல்லாரும் கை தூக்கினார்கள். கவுன்சிலரும் தூக்கினார்.

ஸ்டெல்லாமேரி எழுந்து நின்றாள். "எனக்குத் தப்பாக் கேட்டுட்டு. மன்னிச்சுக்கிடுங்க" என்றாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி போய்விட்டாள்.

உமாதேவி விடவில்லை. தீர்மானத்தை வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாள். இருட்டில் வீட்டுக்கு வந்து, கோலத்தை மிதிக்காமல் ஓரமாகத் தாண்டிப் போய் நிம்மதியாகப் படுத்தாள்.

விடிகிற நேரம் வாசலில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் ஸ்டெல்லாமேரி நிற்கிறாள். இடுப்பில் அதே பரிசுக் குடம். உமாதேவியின் கோலத்தின் மேல் தண்ணீரைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். கோலத்தில் பாதி ஏற்கெனவே கரைந்துவிட்டது.

"லட்டு போயி இப்பம் கோலமா? ஒங்களுக்கு வயித்தெரிச்சல் இன்னும் அடங்கலயாக்கா?"

கேட்டுக்கொண்டே படி இறங்கியவளுக்குக் காலில் சுரீர் என்றது. உதறிவிட்டுக் குனிந்து பார்த்தாள். கரையாத மிச்சக் கோலத்தில் வெள்ளையே தெரியவில்லை. இழை இழையாக எறும்பு அப்பிக் கிடந்தது.

"மெதுவாப் பேசு, ஏட்டி" என்றாள் ஸ்டெல்லாமேரி. "நேத்தே எறும்பு சாரிசாரியா வந்துட்டு இருந்துச்சு. தொட்டு நாக்குல வச்சுப் பாத்தேன். சீனி."

உமாதேவிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கோலத்தில் சீனி என்றால் லட்டில் என்ன? அவள் புரட்டி அடுக்கியது கோலப்பொடிக் கல்மாவில். அந்த லட்டு கவுன்சிலர் வாய்க்குள் போயிருந்தால்? கோலப்பொடி லட்டு என்று பேர் வைத்திருப்பார்கள். செத்தாலும் அந்தப் பேர் போயிருக்காது.

அவளுக்கு அழுகையாக வந்தது.

"எங்கிட்ட நேத்தே சொல்லியிருக்கலாம்லாக்கா."

"எங்கன வச்சு? மைக்குலயா?"

சொல்லிவிட்டு ஸ்டெல்லாமேரி குடத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் எறும்பின் மேல் ஊற்றினாள். கோலம் இருந்த இடம் துப்புரவானது. தெருவில் இன்னும் ஒரு கதவும் திறக்கவில்லை.

"இந்தா, குழாயில நெசமாவே தண்ணி வந்துட்டு. மொதக் குடத்த இங்கன ஊத்தியாச்சு. இனி நீதான் சத்தங் குடுக்கணும், உமா. நான் சொன்னா ஒருத்தரும் குடத்தத் தூக்க மாட்டாவ."