வேர்வைச் சட்டை

பூனை அலமாரியின் உச்சியில் இருந்தது. கூண்டு என் கையில் இருந்தது.

வீட்டுக்கார அக்கா இரண்டையும் பார்க்காமல், ஜன்னல் வழியே துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பூனை என்று சும்மா சொல்லிவிட முடியாது. காட்டுப்பூனைக்கும் வீட்டுப்பூனைக்கும் பிறந்த கலப்பினம். உடம்பெல்லாம் கரும்புள்ளி, முயலுக்குப் போட்டியாகக் காது, தரையிலிருந்து ஒரே தாவலில் அலமாரி உச்சி. விலையைக் கேட்பவர்கள், கூடவே கார் ஒன்றும் தருவீர்களா என்பார்கள். பச்சைக் கறியும் எலும்பும்தான் தின்னும். வார் கட்டி நடக்க அழைத்துப்போக வேண்டும். தொட்டியில் தண்ணீர் விழுந்தால் நமக்கு முன்னால் உள்ளே குதிக்கும்.

அக்காவின் கணவர் அதற்குத் துரை என்று பெயர் வைத்திருந்தார். ஆசைப்பட்டு வாங்கியவரும் அவர்தான், ஊட்டி வளர்த்தவரும் அவர்தான்.

இந்த இனத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஒரே ஆளோடு ஒட்டிக்கொள்ளும். மற்றவர்கள் எல்லாம் வாடகை கொடுக்காமல் குடியிருப்பவர்கள் என்று நினைப்பு. எலியும் பூனையும் என்பார்களே, இந்த வீட்டில் எலி வேடம் அக்காவுக்கு.

அக்காவின் கணவர் ஒருநாள் வேலை பார்த்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், உயிர் போய்விட்டது. அதோடு துரையும் தீனியை நிறுத்திவிட்டது.

அக்கா எங்கள் பூனைப் பண்ணைக்குப் போன் செய்து அழுதார். பண்ணையில் வளர்ப்பு வேலை பார்க்கிற எனக்கு இதெல்லாம் பழக்கம். அழுக்குக் கூடையில் கணவர் போட்டுக் கழற்றிய சட்டை கிடந்தால், துவைக்காமல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போடச் சொன்னேன். வேர்வை வாசனைக்கு, ஆள் வீட்டில்தான் இருக்கிறார் என்று நம்பிச் சாப்பிடும்.

சாப்பிடுகிறது என்று மறுபடி போன் வந்தது. முதலாளி நம்பவில்லை. நேரில் பார், தின்னாவிட்டால் தூக்கிக்கொண்டு வா என்று கூண்டைக் கொடுத்து அனுப்பினார். பட்டினி கிடந்தால் இதுகளின் ஈரல் சீக்கிரம் கெட்டுப்போகும்.

வந்து பார்த்தால் சட்டை கொடியில் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. வாசல் வரை சோப்பு மணக்கிறது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “என்னக்கா இது? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, துவைக்காதீங்கன்னு!”

“மொதல்ல கைமறதியாத்தான் துவைக்கப் போட்டேன் தம்பி. கொஞ்சம் இருங்க, வெயில் எறங்கட்டும்.”

சொல்லிக்கொண்டே கூண்டின் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். துரையும் போய்விட்டால் அந்த வீட்டில் அவருக்கு யாரும் இல்லை. எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பரிதாபப்பட்டால் பூனையின் வயிறு நிறையாதே.

கறித்துண்டை நீட்டிப் பார்த்தேன். துரை மேலிருந்தபடியே சீறியது.

அக்கா சட்டையை எடுத்து வந்தார். நீளக்கைகளை நன்றாக நீட்டி, மடிப்பு விழ இஸ்திரி போட்டார். படுக்கையறைக் கதவின் பின்னால் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். சோப்பு போதாதென்று இஸ்திரி வேறு. பாவம், புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் உட்கார்ந்திருந்த நாற்காலி அந்தக் கதவை ஒட்டித்தான் கிடந்தது. என்னைத் தாண்டி யாரும் உள்ளே போகவில்லை.

வெயில் இறங்கியது. அக்கா விளக்கைப் போடவில்லை.

துரையின் காதுகள் இரண்டும் கதவுப் பக்கம் திரும்பின. சத்தமில்லாமல் கீழே குதித்தது. கதவின் முன்னால் உட்கார்ந்து, குருவிபோல ஒரு சின்னக் குரல் கொடுத்தது. தன் ஆளைப் பார்த்தால் மட்டும் கொடுக்கிற குரல் அது. குட்டியிலிருந்து வளர்த்த நான்கூட, விற்ற பிறகு அதைக் கேட்டதில்லை.

அக்கா கதவைத் திறந்து, சட்டையை எடுத்து வந்து கிண்ணத்துக்குப் பக்கத்தில் போட்டார். துரை கன்னத்தை அதில் உரசியது. பிறகு சாப்பிட ஆரம்பித்தது. காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறவன் மாதிரி, நிதானமாக.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. துவைத்த பிறகும் வாசனை நிற்கிறதென்றால் என் யோசனை என்ன லேசுப்பட்டதா என்று பெருமையாகக்கூட இருந்தது. சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

சோப்பு வாசனை துளியும் இல்லை.

காலர் வேர்வையில் நனைந்து, வெதுவெதுப்பாக இருந்தது. அக்கா நீட்டித் தேய்த்த கைகள் முழங்கை வரை மடித்துவிடப்பட்டிருந்தன. இடது கையில் மட்டும் ஒரு மடிப்பு கூடுதல்.

படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஜன்னல் உள்பக்கம் தாழிட்டிருந்தது. ஒரு கட்டில், ஒரு ஆணி, அவ்வளவுதான்.

சட்டையை அக்காவிடம் நீட்டினேன். “இனிமே துவைக்காதீங்கக்கா. அப்படியே விட்டுடுங்க.”

அக்கா என் கையிலிருந்து சட்டையை வாங்கினார். மடித்திருந்த கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, வாளித் தண்ணீரில் அமுக்கினார்.

“ஒருநாள் துவைக்காம மாட்டிப் பார்த்தேன் தம்பி. துரை கீழ எறங்கவே இல்ல. நேத்துப் போட்ட சட்டைய அவரு என்னைக்குமே இன்னைக்குப் போட்டதில்ல.”