கிளைவின் பத்தாவது வகுப்பு

ஒன்பது வாரமாக வகுப்பு எதற்கும் வராத கிளைவ், பத்தாவது வாரம் வந்துவிட்டதாகத் திரை சொன்னது. அவன் பெயருக்கு எதிரே பச்சைக் குறி. மாலை ஆறு மணி ஏழு நிமிடம்.

தன் யோகா ஸ்டுடியோவின் முன்னறையில் ஹெதர் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். கிளைவ் அவள் கணவன். அவனை அடக்கம் செய்து பதினாறு மாதம் ஆகியிருந்தது.

அவன் பெயரைப் பதிவு மென்பொருளில் ஏற்றியது அவளேதான். யோகா வகுப்புக்கு வருகிறவர்களின் அட்டையில் ஓட்டை போடும் பழைய வழக்கத்தை விட்டு, வாசல் திரையில் அவரவர் பெயரைத் தொட்டு வருகை பதிவது என்று முடிவானபோது, முதலில் ஒரு பாஸ் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. பத்து வகுப்பு, ஆறு மாதக் கெடு, புதன்தோறும் மாலை ஆறு மணி. சோதித்துப் பார்க்க ஒரு வாடிக்கையாளரின் பெயரும் கைபேசி எண்ணும் வேண்டும் என்றது மென்பொருள். யோசிப்பதற்குள் அவள் விரல்கள் கிளைவின் பெயரையும் எண்ணையும் அடித்துவிட்டன.

அதிலிருந்து செவ்வாய்தோறும் அந்த எண்ணுக்கு ஒரு செய்தி போனது. 'கிளைவ், நாளை ஆறு மணிக்கு உங்கள் பாய் காத்திருக்கும்.' கீழே ஸ்டுடியோவின் முகவரி. புதன்தோறும் 'வரவில்லை' என்று பதிவாகி, பாஸில் ஒரு வகுப்பு குறைந்தது. அந்தக் கைபேசி இணைப்பைத் துண்டித்து வருடம் தாண்டிவிட்டது. செய்தி எங்கோ காற்றில் கரைந்துபோகிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இன்று பாஸின் கடைசி வகுப்பு. நாளைக் காலை மென்பொருளை உண்மையான வாடிக்கையாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். அதற்கு முன் சோதனைப் பெயரை அழித்தாக வேண்டும்.

இது டாம்சினுக்கு மட்டும்தான் தெரியும். ஆறு வருடமாக இங்கே வகுப்பு எடுப்பவள். திங்களன்று அவள் பேசியது இப்போது ஹெதரின் காதில் திரும்ப ஒலித்தது.

"அழிச்சிடுங்க ஹெதர். 'கிளைவ் நேத்து நல்லாப் பேசினான்'னு அவரோட அம்மா சொல்லிட்டிருக்காங்கன்னா, அவங்களுக்குத் தொண்ணூத்தோரு வயசு. உங்களுக்கு என்ன? நீங்க அழிக்கலைன்னா நானே அவரு வந்துட்டாருன்னு குறி போட்டு முடிச்சுவிட்டுடுவேன்."

அன்றைக்கு ஹெதர் சிரிக்கக்கூடச் செய்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை. இது டாம்சினின் விளையாட்டாக இருந்தால், வகுப்பு முடிந்ததும் அவளிடமிருந்து ஸ்டுடியோ சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது. ஆறு வருடம் என்றாலும் சரி.

அறைக் கதவை ஓசையில்லாமல் திறந்தாள். உள்ளே மங்கிய விளக்கு. வெளியே ஜூன் மாத மழை. வகுப்பு நடக்கும்போது யாரும் பேசக்கூடாது என்பது அவளே போட்ட விதி. "மூச்சை மெதுவா விடுங்க" என்று டாம்சினின் குரல் மட்டும் கேட்டது.

எண்ணினாள். வர வேண்டியவர்கள் பதினோரு பேர். பாய்களில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

பன்னிரண்டாவது ஆள் ஜன்னலோரம் இருந்தார். எழுபது வயது இருக்கும். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மற்றவர்கள் கண்ணை மூடிப் படுத்திருக்க, அவர் மட்டும் விறைப்பாக உட்கார்ந்து, வரிசையாக ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெதர் கதவில் சாய்ந்தபடியே முக்கால் மணி நேரம் நின்றாள். வகுப்பு முடிந்து கடைசிப் பெண் வெளியேறியதும் நேராக அவரிடம் போனாள்.

"கிளைவ் பேரைத் தொட்டது நீங்களா?"

"ஆமாம்மா. வாசல்ல திரையில அந்தப் பேரு இருந்துச்சு. தொட்டா ஆளைக் கூப்பிட்டு விடுவாங்கன்னு நெனச்சேன். எங்க அந்த மனுஷன்?"

பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த டாம்சின் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்தப் பார்வையிலேயே புரிந்தது.

கிழவர் தன் கைபேசியை நீட்டினார். பத்துச் செய்திகளும் அதில் வரிசையாக இருந்தன. எட்டு மாதம் முன்பு புது இணைப்பு வாங்கியபோது தனக்குக் கிடைத்த எண் இது என்றார். நேற்று வந்ததில் 'இது உங்கள் கடைசி வகுப்பு' என்று இருந்ததால், இன்றைக்கு விட்டால் ஆளைப் பிடிக்க முடியாது என்று வின்யார்ட் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"யோகாவுக்கு இடம் பிடிச்சு வைக்கத் தெரியுது. நம்பர் மாறினதைப் பெத்த தாய்கிட்ட சொல்லத் தெரியலை. ஞாயித்துக்கிழமை ஆனா அந்தம்மா இந்த நம்பருக்குத்தான் கூப்பிடுறாங்க. நேர்ல பார்த்து ரெண்டு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

ஹெதர் கைபேசியை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"கிளைவ் செத்துப் பதினாறு மாசம் ஆச்சுங்க."

கிழவர் தொப்பியைக் கழற்றினார். மழைநீர் அதிலிருந்து பாயில் சொட்டியது.

"அந்தம்மாவுக்குத் தெரியாதா?"

"ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் அன்னிக்குத்தான் செத்த மாதிரி அழுதாங்க. மறுநாள் மறந்துட்டாங்க. மூணாவது தடவை சொல்ல என்னால முடியலை."

அவர் மெல்ல மறுபடியும் பாயில் உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

"ராங் நம்பர்னு நானும் ரெண்டு தடவை சொன்னேம்மா. மூணாவது தடவை, 'நான்தாம்மா, கிளைவ்'னு சொல்லிட்டேன்."