இருபது கேள்வி, இருபது அஞ்சு

எந்த வீட்டில் பெண் மனம்விட்டுப் பேசுகிறாளோ அந்த வீடே கோயில் என்றார் அசோகன். சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அதைச் சொல்ல மனைவி சரசு மூன்று முறை வாயெடுத்தும் இடம் கிடைக்கவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த வீணா கல்லூரி மாணவி. மணமான பெண்களின் திருப்தி பற்றி ஆராய்ச்சி. அவர்கள் குடியிருந்த ஈஜிபுராவில் வீடுவீடாகப் படிவம் கொடுத்துவந்தாள். இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண். சரசு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஐந்து என்றால் முழுத் திருப்தி என்று வீணா அசோகனிடம் விளக்கினாள்.

"நீ கிளம்பும்மா, நான் சொல்லிக்கறேன்" என்றார் அவர்.

பிறகு, பெண்ணுக்குப் பயமில்லாமல் எழுதும் உரிமை உண்டு என்பதை சரசுவுக்கு அரைமணி நேரம் எடுத்துரைத்துவிட்டு ஃபாக்டரிக்குப் போக ஹெப்பகோடி பஸ்ஸைப் பிடித்தார்.

சாயங்காலம் ஃபாக்டரியிலிருந்து திரும்பியபோது படிவம் டிவி மேல் இருந்தது. சரசு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பார்க்கக் கூடாதுதான், பார்த்தார்.

நீங்கள் சொல்வதைக் கணவர் காதுகொடுத்துக் கேட்கிறாரா? ஐந்து. உங்கள் பிறந்த வீட்டை மதிக்கிறாரா? ஐந்து. இருபதுக்கும் ஐந்து.

முதலில் மீசையைத் தடவினார். பிறகு அந்தப் பிறந்த வீட்டு ஐந்து நெஞ்சில் குத்தியது. மாமனார் குடியாத்தத்தில் ஹெட்மாஸ்டர். பொங்கலுக்கு மகளை அனுப்பச் சொல்லி மூன்று முறை ஃபோன் செய்தார்; மூன்று முறையும் அவள் தூங்குகிறாள் என்று சொல்லி இவர் வைத்துவிட்டார். பொங்கலன்று புதுப்புடவையோடு சரசு ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தும் தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. அசோகனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சு தடுமாறியது.

"சரசு, உங்கப்பா பொங்கலுக்கு மூணு தடவை ஃபோன் பண்ணாரு. நாந்தான் நீ தூங்கறேன்னு சொல்லி வச்சுட்டேன்."

"தெரியும். அப்பா லெட்டர் போட்டிருந்தாரு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரிஞ்சுமா எனக்கு அஞ்சு போட்ட?"

சரசு இன்னொரு கரண்டி சட்னி ஊற்றினாள்.

"அஞ்சுதானேங்க கடைசி ரேங்க்."