முதல் குரலுக்கு

ஏரிக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

சைக்கிளை நிறுத்தினேன். ஏரி நிரம்பி, கலங்கல் சுவரின் மேல் உபரித் தண்ணீர் பழுப்பாக வழிந்துகொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

காதுக் கோளாறாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அவ்வளவு நேரம் ஹெட்போன் மாட்டிக்கொண்டிருந்த காது. என் காதை நான் எப்போதுமே முழுசாக நம்பியதில்லை.

"இன்னா தம்பி, நின்னுட்ட? கிளாஸ் வுட்டாச்சா?"

அம்சா அக்கா. ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரைமேல் வந்தாள்.

"நல்லவனா ஆவறதுக்குக் கம்ப்யூட்டர்ல பாடம் எடுக்கறாங்களாமே? ஃபெயிலாயிட்டா இன்னா பண்ணுவ, கெட்டவனாயிடுவியா?"

"மறுபடி மொதப் பாடத்துலேர்ந்து படிக்கணும்க்கா."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவளுடைய கணவரைத்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன். அது அவளுக்குத் தெரியாது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற பிரவுசிங் சென்டரில், சாயங்காலங்களில், பெங்களூரிலிருந்து பேசும் ஓர் ஆசிரியையிடம் அறவியல் படிக்கிறேன். சட்டம் என்ன, லாபம் என்ன என்று பார்க்கிற பாடம் இல்லை. நல்ல மனிதர் ஒருவர் இந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வார் என்று கேட்கிற பாடம். ஆளுக்கொரு நல்லவரைத் தேர்ந்தெடுத்து அவர் போலவே நடந்து பாருங்கள் என்றார் ஆசிரியை.

நான் கேசவன் அண்ணனைத் தேர்ந்தெடுத்தேன்.

ஏரி மதகைத் திறந்து மூடும் வேலை அவருக்கு. போன வருஷ மழையில், இதே இடத்தில், யாரோ கூப்பிட்டார்கள் என்று குதித்தார். உயிரோடு திரும்பவில்லை.

பொழுது சாய்ந்த பிறகு இந்தக் கரையில் முதல் குரலுக்கு யாரும் 'ஏன்' என்று கேட்பதில்லை. இரண்டாவது முறையும் கூப்பிட்டால்தான் அது மனிதக் குரல் என்பார்கள். அண்ணன் இரண்டாவது முறைக்குக் காத்திருக்கவில்லை.

அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

இன்றைக்கு ஆசிரியை என்னிடம் கேட்டார். யோசிக்காமல், ஒரே ஒரு தடவையாவது, யாருக்காகவாவது நீங்கள் ஓடியதுண்டா?

பதிலை யோசித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போய்விட்டது.

தண்ணீரிலிருந்து மறுபடி கூப்பிட்டது.

இரண்டாவது முறை. அப்படியானால் மனிதர்தான்.

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டேன். செருப்பைக் கழற்றினேன். கைக்கடிகாரத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினேன். இதையெல்லாம் அண்ணன் செய்திருக்க மாட்டார் என்று தெரிந்தது. தெரிந்தும் செய்தேன்.

கரைச் சரிவில் கால் வைத்தபோது அம்சா அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது.

"எங்க போற?"

"யாரோ கூப்புடறாங்கக்கா. முழுவறாங்க."

"எனக்குத் தண்ணி சத்தந்தான் கேக்குது." அவள் குரல் மாறியிருந்தது. "அன்னிக்கும் எனக்குத் தண்ணி சத்தந்தான் கேட்டுச்சு. உள்ள யாரும் இல்ல தம்பி. ஊரே வந்து தேடுச்சு. கெடச்சது அவரு ஒருத்தருதான்."

எனக்கு அது புதிது. அப்போது நான் ஊரில் இல்லை. அண்ணன் யாரையோ காப்பாற்றிவிட்டுப் போனார் என்றுதான் நான் வகுப்பில் எழுதியிருந்தேன்.

"இன்னிக்கு நெஜமாவே யாராச்சும் இருந்தா?"

அக்கா ஆடுகளைப் பார்த்தாள். அவை கரைமேல் நகராமல் நின்றிருந்தன.

"யாருகிட்டயும் சொன்னதில்ல. எறங்கறதுக்கு முன்னாடி திரும்பிப் பாத்து ஒண்ணு சொன்னாரு. 'இன்னாமே இது, எங்குரல் மாரியே கீது'ன்னாரு. சிரிச்சிக்கினேதான் எறங்கனாரு."

வழியும் தண்ணீரின் சத்தத்துக்கு மேலே, அது மூன்றாவது முறை கூப்பிட்டது. இந்த முறை பக்கத்தில். "அக்கா" என்று கூப்பிட்டது.

அம்சா அக்கா என் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப கேட்டுச்சா உனக்கு?"

தலையாட்டினேன்.

"யார் குரல் மாரி கீது? நெஜத்த சொல்லு. சொன்னாத்தான் கைய வுடுவேன்."

நெஜத்தைச் சொன்னால் விடமாட்டாள். வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவாள். கதவைச் சாத்துவாள். காலையில் நான் உயிரோடு இருப்பேன். சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இல்லை, ஒரு தடவைகூட ஓடியதில்லை என்று ஆசிரியையிடம் சொல்வேன்.

கேசவன் அண்ணன் இந்த இடத்தில் என்ன செய்வார் என்று கேட்டுப் பார்த்தேன். அவர் ஏற்கனவே செய்துவிட்டார்.

"சின்னப் பொண்ணு குரல்க்கா," என்றேன்.

யோசிக்கவே இல்லை. என் வாழ்க்கையில் யோசிக்காமல் சொன்ன முதல் பதில் அதுதான்.

"ஐயோ," என்றாள் அக்கா. பிடி விட்டது. "போ தம்பி, சீக்கிரம் போ!"

ஏரிக்குள்ளிருந்து மறுபடியும் நான் கூப்பிட்டேன்.